முதலில் வருபவருக்கு மழைக்கோட்டு

உலகத்துப் பந்தயங்கள் எல்லாம் யார் வேகமாகப் போகிறார் என்று பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டவை. எங்கள் ஐந்து நாள் சைக்கிள் பந்தயம் ஒரு கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்காகத் தொடங்கப்பட்டது.

சாலைத் துறை ஐந்து ஊர்களைச் சுற்றி ஒரு புதுச் சாலை போட்டிருந்தது. நல்ல சாலைதான். ஒரே குறை, அதில் யாரும் போகவில்லை. மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது: "மேற்படி சாலையைப் பயன்படுத்துவோர் யார், எவர், எந்தெந்த நாளில் என்ற விவரத்தை உரிய படிவத்தில் காலதாமதமின்றி அனுப்பிவைக்கவும்." பொறியாளர் சாலையோரம் நாற்காலி போட்டு இரண்டு நாள் உட்கார்ந்து எண்ணினார். மூன்று ஆடுகள். போன ஆடு ஒன்று திரும்பி வந்ததையும் சேர்த்துத்தான் மூன்று.

வேறு வழியில்லாமல், சைக்கிள் வைத்திருந்த பதினேழு பேரைக் கூப்பிட்டுச் சாலையை ஒரு சுற்றுச் சுற்றி வரச் சொன்னார். ஒரே நாளில் சுற்றிவிடலாம். ஆனால் படிவத்தில் ஐந்து பக்கம் இருந்தது. நான்கு பக்கத்தை வெறுமையாக அனுப்ப முடியுமா? பக்கத்துக்கு ஒரு நாள் என்று பந்தயம் ஐந்து கட்டமானது.

இரண்டாம் நாள் கொட்டு கொட்டென்று மழை. முன்னால் போன பால்காரர் ரோடு ரோலர் ஓட்டுநரிடம் மழைக்கோட்டைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தார். வெளியே தார்ப்பாய், உள்ளே கம்பளி. பொறியாளர் படிவத்தில் நேர்மையாக எழுதினார்: "முதலில் வந்தவர் மழைக்கோட்டு அணிந்திருந்தார்." படிவம் சரக்கு வண்டிகளுக்காக அச்சடித்தது, ஆகவே 'எடை' என்று ஒரு கட்டம் இருந்தது. எதையாவது எடை போட வேண்டுமே. கோட்டை வாங்கித் தராசில் வைத்தார். நான்கு கிலோ இருநூறு கிராம்.

மறு வருடம் புது அதிகாரி வந்தார். பழைய படிவத்தைப் பார்த்து விதிமுறை எழுதினார். "அணிந்திருந்தார்" என்பது "அணிந்திருத்தல் வேண்டும்" ஆயிற்று. ஒரு நாள் முதலில் வருபவர் மறுநாள் முழுக்க நான்கு கிலோ இருநூறு கிராம் மழைக்கோட்டை அணிந்து ஓட்ட வேண்டும். முதலாண்டு மழையில் புகைப்படங்கள் கெட்டுப்போனதை உத்தேசித்து, மழை என்பதே எட்டிப் பார்க்காத மாதத்துக்குப் பந்தயத்தை மாற்றினார்கள். மழைக்கோட்டை மாற்றவில்லை.

பத்தாம் ஆண்டு அசல் கோட்டு நைந்து போயிற்று. புதிதாக ஒன்று தைத்தார்கள். எடை ஒரு கிலோ நானூறு கிராம்தான் வந்தது. மிச்ச எடைக்காகக் கோட்டின் ஓரம் முழுக்க இரும்பு நட்டுகளை வைத்துத் தைத்தார்கள். வரலாறு முக்கியம் இல்லையா.

வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டியவர்கள் யாரும் தேறவில்லை. பந்தயக்காரர்கள் சீக்கிரமே விவரமாகிவிட்டார்கள். நான்கு நாள் முதலில் வராமல் தப்பிக்க வேண்டும், ஐந்தாம் நாள் ஒரே பாய்ச்சலாகப் பாய வேண்டும். முடிவு நாடாவுக்கு நூறு அடி முன்னால் எல்லோரும் இறங்கிச் செருப்பை உதறுவார்கள். தண்ணீர் குடிப்பார்கள். "நீங்க போங்க." "ஐயோ, நீங்க பெரியவங்க, நீங்க போங்க." பார்க்கிறவர்களுக்கு, என்ன மரியாதையான பிள்ளைகள் என்று கண் கலங்கும். இரண்டாமிடப் பயிற்சி மையங்கள் முளைத்தன. ஒன்றின் வாசலில் பலகையே இருந்தது: "எங்கள் மாணவர் ஒருவர்கூட இன்றுவரை முதலில் வந்ததில்லை."

இருபத்து மூன்றாம் ஆண்டு நாடாவை அறுக்க யாருமே வரவில்லை. சிறப்பு விருந்தினர் கொட்டாவி விட்டுக் கிளம்பிவிட்டார். அப்போது வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு காய்கறிக்காரர், கேரியரில் முட்டைக்கோஸ் மூட்டையோடு, நாடாவை அறுத்துக்கொண்டு போனார். பிடித்துக் கோட்டைப் போட்டுவிட்டார்கள். "சார், வீட்ல காய் கேட்டாங்க சார்" என்று அவர் கெஞ்சியது நடவடிக்கைக் குறிப்பில் 'வெற்றியாளர் உரை' என்ற தலைப்பில் இருக்கிறது. அதன் பிறகு 'தயக்கத் தடுப்பு அலுவலர்' என்று ஒரு பதவி உண்டாக்கி, கையில் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

பந்தயத்தில் ஜெயித்தவருக்குப் பந்தய அலுவலகத்திலேயே நிரந்தர வேலை. ஆக, நான்கு நாள் சுமை தன் தோளில் விழாமல் தப்பிக்கத் தெரிந்தவர்களாகப் பொறுக்கி எடுத்து அலுவலகம் நிரம்பியது. ஒரு கோப்பு உள்ளே வந்தால் போதும், ஒவ்வொரு மேசையும் பிரேக் பிடித்துப் பின்னால் வருகிறவருக்கு வழி விடும்.

இதற்கிடையில் பரிசளிப்புக்கு வந்த ஒரு சினிமா நடிகர் படம் எடுப்பதற்காகக் கோட்டை ஐந்து நிமிடம் மாட்டினார். அடுத்த வாரம் எல்லாக் கடையிலும் மழைக்கோட்டு. நட்டு வைத்ததுதான் உசத்தி. நடந்தால் கிலுகிலுவென்று சத்தம் வர வேண்டும். சத்தம் வராதவருக்குப் பெண் கொடுக்கக்கூட யோசித்தார்கள்.

"என்ன சார், இப்படி வேர்த்துக் கொட்டுது?"

"வேர்த்தாத்தானே சார் அசல் கோட்டுன்னு நாலு பேருக்குத் தெரியும்."

இந்த நிலையில்தான் ஐம்பதாம் ஆண்டு வந்தது. ரொட்டிக்காரரும் வந்தார்.

ரொட்டிக்காரருக்கு ஒரு வியாதி உண்டு. மெதுவாகப் போக வராது. பதினாறு வருடமாகக் காலை ஏழு மணிக்குள் நூற்றிருபது வீட்டுக்கு ரொட்டி போட்ட கால். நான்கு முறை பந்தயத்தில் ஓட்டினார். நான்கு முறையும் முதல் நாளே முதலில் வந்து, கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டு, இரண்டாம் நாள் மேட்டில் சுருண்டு விழுந்தார். இப்போது வயது முப்பத்தைந்து. அதற்கு மேல் ஓட்ட விதியில் இடமில்லை. போதாக்குறைக்கு ரொட்டிக் கடை முதலாளி வேன் வாங்கிவிட்டார். "பந்தயம் முடியட்டும்ப்பா, அதுக்கப்புறம் சைக்கிள் வேணாம்" என்று அன்பாகத்தான் சொன்னார். இந்த முறை ஜெயித்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால் எந்த வேலையும் இல்லை.

அவர் மனைவி தையல்காரம்மா. வீட்டின் முன்னறைதான் கடை. மிஷினை மிதித்துக்கொண்டே வைவார்.

"ஏங்க, ஒரு தடவையாவது ரெண்டாவதா வந்து தொலைங்களேன்."

"பாக்குறேன்."

"என்னத்தப் பாக்குறீங்க? எதிர் வீட்டுத் தம்பிய பாருங்க, எவ்வளவு அழகா மெதுவா போறான். அவங்கம்மாவுக்கு எவ்வளவு பெருமை."

"நான் என்னம்மா பண்றது, கால் கேக்க மாட்டேங்குது."

"கால் கேக்காது. நான் சொன்னா காதும் கேக்காது. உங்க உடம்புல எதுதாங்க சொன்ன பேச்சைக் கேக்கும்?"

ஐம்பதாம் ஆண்டை முன்னிட்டுப் புதுக் கோட்டு தைக்கிற வேலை அந்த அம்மாவுக்கே வந்தது. தன் கையால் தைத்ததைத் தன் புருஷன்தான் மாட்டப் போகிறார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. நட்டுகளைக் கிண்ணத்தில் போட்டுப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது, பந்தய அலுவலகக் குமாஸ்தா தன் சொந்தக் கோட்டைத் தளர்த்தித் தைக்கக் கொண்டுவந்தார். ஐம்பதாம் ஆண்டு மலருக்குப் பந்தய வரலாறு எழுதுகிற பொறுப்பு அவருடையது. எல்லோரும் வழி விட்டுக் கடைசியில் அவரிடம் வந்து நின்ற பொறுப்பு.

"எப்படிண்ணே வேணும்?"

"உள்ள காத்து போற மாதிரி இருந்தாப் போதும்மா."

"அப்போ கழட்டிருங்கண்ணே."

"கழட்டினா ஆபீஸ்ல என்ன நினைப்பாங்க?" குமாஸ்தா நெற்றியைத் துடைத்தார். "இந்தக் கூத்தைக் கேளும்மா. மலருக்காக அந்தக் காலத்துப் பொறியாளரோட டைரியைத் தேடி எடுத்தேன். அந்த மனுஷன் மழைல ஊறின கோட்டை அப்படியே தூக்கித் தராசுல வச்சிருக்காரு. 'சொட்டச் சொட்ட எடை போட்டேன்'னு எழுதியும் வச்சிருக்காரு."

மிஷின் நின்றது. "அப்போ காஞ்ச கோட்டு எவ்வளவு?"

"யாருக்குத் தெரியும்? படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே."

"மேல சொல்லலையா நீங்க?"

"சொன்னா, நாப்பத்தொம்பது வருஷமா என்ன பண்ணிட்டு இருந்தேன்னு என்னையக் கேப்பாங்க. நான் சேந்தே பதினோரு வருஷம்தான் ஆகுது."

"மலர்லயாவது எழுதுங்கண்ணே."

"அந்தப் பக்கத்துக்கு விளம்பரம் வந்துடுச்சும்மா."

தையல்காரம்மா ஆணைத் தாளை எடுத்துப் படித்தார். 'கோட்டின் எடை, முதலாம் ஆண்டில் எடுக்கப்பட்ட முறைப்படியே, 4 கிலோ 200 கிராம் இருத்தல் வேண்டும்.' இன்னொரு தடவை படித்தார். கிண்ணத்து நட்டுகளை அப்படியே டப்பாவில் கொட்டி மூடினார்.

"அண்ணே, அந்த டைரிப் பக்கத்துக்கு ஒரு நகல் வேணுமே."

"என் கோட்டை இன்னைக்கே முடிச்சுக் குடுத்தா கிடைக்கும்."

எடை போடும் நாளன்று தையல்காரம்மா பந்தய அலுவலகத்துக்குள் ஒரு வாளியோடு நுழைந்தார். எடை அலுவலர் எட்டிப் பார்த்தார். முப்பத்து நான்காம் ஆண்டின் வெற்றியாளர். நான்கு நாளும் செருப்பு வார் அறுந்துபோனதாக நடித்து ஜெயித்தவர்.

"என்னம்மா இது, துணி துவைக்கவா வந்தீங்க?"

"கோட்டு சார். முறைப்படி கொண்டாந்திருக்கேன்."

"ஈரமா இருக்கே!"

"மழைக்கோட்டுதானே சார். மழைக்கோட்டு நனையாம வேற எது நனையும்?"

அலுவலர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். ஈரமாக இருக்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இருக்கலாம் என்றும் இல்லை. அடுத்த அறைக்குச் சீட்டு அனுப்பினார். 'தாங்களே முடிவு செய்க' என்று சீட்டு திரும்பி வந்தது.

"இந்தாங்க சார், முதல் வருஷத்து டைரி. இதுலயே தெளிவா..."

"அதைக் காட்டாதீங்கம்மா!" அலுவலர் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். "பாத்தா எனக்குத் தெரிஞ்ச மாதிரி ஆயிடும். தெரிஞ்சா நான் ஏதாவது செய்யணும். உள்ள வைங்க, உள்ள வைங்க."

தராசு முள் நான்கு கிலோ இருநூறில் நின்றது. ஈரம் என்று எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை. எடை எழுதக் கட்டம் இருந்தது. எழுதினார், முத்திரை குத்தினார். முத்திரை மை கொஞ்சம் வழிந்தது. கோட்டை அலுவலகக் கிடங்கில் ஆணியில் மாட்டினார்கள். ஒரு வாரத்தில் அது மொறுமொறுவென்று காய்ந்தது.

பந்தயம் தொடங்கியது. முதல் நாள் வழக்கம் போல ரொட்டிக்காரர் முதலில் வந்தார். வழக்கம் போல மற்றவர்கள் நிம்மதியாகச் சிரித்தார்கள். பந்தயக் குழுத் தலைவர் கோட்டை மாட்டிவிட, ரொட்டிக்காரர் தோளைக் குலுக்கிப் பார்த்துவிட்டு மனைவி பக்கம் குனிந்தார்.

"ஏம்மா, என்ன இது, துண்டு மாதிரி இருக்கு?"

"துண்டுதான். உள்ள முழுக்கத் துண்டுத் துணி வச்சுத் தச்சிருக்கேன். வாயை மூடிக்கிட்டு ஓட்டுங்க. ஒரே விஷயம், தண்ணி பக்கம் மட்டும் போயிராதீங்க."

இரண்டாம் நாள் மேடு வந்தது. அவர் விழவில்லை. மூன்றாம் நாளும் முதல். நான்காம் நாளும் முதல். வழியில் பாசத்தோடு வாளியில் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்ற மக்களைக் கண்டு அவர் பேயைக் கண்டது போல ஓடிய வேகத்தில்தான் பாதித் தூரம் போனது. நான்கு நாள் முடிவில் இருபத்தாறு நிமிடம் முன்னால் இருந்தார். கடைசி நாள் அவரவர் முன்னிலைக்கு ஏற்ப முன்னதாகப் புறப்படுவது வழக்கம்.

ஐந்தாம் நாள் காலை தலைவர் ஒலிபெருக்கியில் அறிவித்தார்: "பொன்விழாவை முன்னிட்டு, இந்த வெயிலில் நம் வீரர்களைக் குளிர்விக்கும் பொருட்டு, தீயணைப்பு வண்டி ஒன்று மேட்டின் அடிவாரத்தில் நிறுத்தப்பட்டுள்ளது." கூட்டத்தில் நின்ற தையல்காரம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலில் வந்தவருக்குத்தானே முதல் மரியாதை. குழாயைத் திறந்து ரொட்டிக்காரரைத் தலை முதல் கால் வரை நனைத்தார்கள். அந்தத் துண்டுத் துணி ஒரு சொட்டு விடாமல் குடித்தது. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாகக் கோட்டு விதிப்படி அசல் எடையில், அசல் முறையில் இருந்தது. மேட்டில் அவர் சைக்கிள் மாட்டு வண்டி ஆயிற்று. பின்னால் மற்றவர்கள் நெருங்கினார்கள். பத்து நிமிடம். ஐந்து நிமிடம். மூன்று.

எட்டிவிடும் தூரத்துக்கு வந்ததும், அத்தனை பேர் விரலும் தானாகப் பிரேக்கைப் பிடித்தது. இன்றைக்குத்தான் பாய வேண்டிய நாள் என்று மூளைக்குத் தெரியும். விரலுக்குத் தெரியவில்லை.

"நீங்க போங்க."

"அட, நீங்க போங்க."

மேட்டின் உச்சியில் வெயில் பட்டுக் கோட்டிலிருந்து தண்ணீர் ஆவியாகப் புகைந்தது. ரொட்டிக்காரர் இறக்கத்தில் உருண்டார். நாற்பது நொடி வித்தியாசத்தில் நாடாவை அறுத்தார். தையல்காரம்மா ஓடிவந்து, கட்டிக்கொள்ளாமல், முதலில் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "காஞ்சிருச்சு" என்றார். அப்புறம்தான் அழுதார்.

கோட்டோடு ஒருவர் ஜெயிப்பது ஐம்பது வருடத்தில் நடக்காதது. தோற்றவர்கள் சும்மா இருப்பார்களா? மனு கொடுத்தார்கள்: "அவருக்கு மட்டும் மழைக்கோட்டு தந்தது பாரபட்சம்." மூவர் குழு அமைக்கப்பட்டது. அது மூன்று மாதம் ஆராய்ந்து, நாற்பது பக்க அறிக்கை தந்தது. எல்லா நாளும் வேகமாகப் போனவர் ஒருவரே, கோட்டு அணிந்தவரும் அவர் ஒருவரே, ஆகவே வேகத்துக்குக் காரணம் கோட்டு என்பது ஐயத்துக்கிடமின்றி நிரூபணமாகிறது. இனி எல்லா வீரர்களும் எல்லா நாளும் நான்கு கிலோ இருநூறு கிராம் கோட்டு அணிதல் வேண்டும்.

ரொட்டிக்காரருக்கு நிரந்தர வேலை வந்தது. எடை அலுவலர் பதவி உயர்வில் போயிருந்ததால், அந்த நாற்காலியே காலியாக இருந்தது. அறுபது கோட்டு தைக்கும் ஆணை தையல்காரம்மாவுக்கு வந்தது.

"ஏங்க, பாவம் அந்தப் பசங்க. எல்லாத்தையும் துண்டுத் துணிலயே தச்சு நனைச்சுக் கொண்டாந்துர்றேன். நீங்க முத்திரை குத்திருங்க."

ரொட்டிக்காரர் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அறுபது வாளியா? ஒருத்தன் இல்லன்னா ஒருத்தன் ஏன் ஈரம்னு கேப்பான். போன வருஷமும் ஈரமான்னு கேப்பான். அப்புறம் என் ஜெயிப்பு என்னாகும்? வேலை என்னாகும்?"

"அதுக்கு?"

"பரிசீலிக்கலாம்."

கல்யாணமான பதினோரு வருடத்தில் அவர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை.  தையல்காரம்மா எழுந்து போய் நட்டு டப்பாவைத் திறந்தார்.

ஐம்பத்தோராம் ஆண்டு அறுபது பேரும் காய்ந்த கோட்டில், நட்டுகளோடு, கிலுகிலுவென்று புறப்பட்டார்கள். முதல் நாள் கட்டம் முடியச் சாயங்காலம் ஆயிற்று. இரண்டாம் நாள் பதினான்கு பேரை ஆம்புலன்சில் கொண்டு போனார்கள். சாலையின் இரண்டு பக்கமும் கோட்டு போட்டுக்கொண்டு நின்ற மக்களுக்குப் பொறுமை போயிற்று.

"என்னங்க இது, ஊர்ந்து போறானுங்க?"

"போன வருஷம் அந்த ரொட்டிக்காரர் நாலு கிலோவுக்கே என்னா வேகம்!"

"அதைத்தான் நானும் சொல்றேன். நாலு கிலோ பத்தல. எட்டாக்கினா?"

"எட்டு நானூறுன்னு போடுங்க. சரியா இரட்டிப்பு. வேகமும் இரட்டிப்பாகும்ல?"

அங்கேயே மனு எழுதினார்கள். கைக்குக் கை போயிற்று. ஆம்புலன்சில் போனவர்களின் அப்பாமார்கள்கூட, பிள்ளை அடுத்த வருடமாவது வேகமாக வரட்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். வியர்வையில் பேனா வழுக்கியதால் சிலர் கட்டை விரலை உருட்டினார்கள். ஆறாயிரத்துச் சொச்சம் பேர்.

மனு ஒவ்வொரு மேசையாக வழி விடப்பட்டு, எடை அலுவலரிடம் வந்து நின்றது. ரொட்டிக்காரர் அதை இரண்டு முறை படித்தார். எழுத வேண்டியது ஒரே வரிதான்: 'அன்றைக்குக் கோட்டு காய்ந்திருந்தது.' பேனாவை எடுத்தார். நாற்காலி நல்ல நாற்காலி. கைப்பிடி வைத்தது. 'மக்கள் விருப்பத்தை முன்னிட்டுப் பரிந்துரைக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

அடுத்த வருடப் பந்தயத்துக்கு முன்பே கடைகளில் எட்டு நானூறு கோட்டு வந்துவிட்டது. விற்றுத் தீர்ந்தும் விட்டது. ஐந்தாம் நாள் முடிவில் முதல் ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, தவழாத குறையாக வந்து நாடாவைத் தொட்டபோது, அவ்வளவு கூட்டமும் கை தட்டியது. கையைத் தூக்க யாராலும் முடியவில்லை. இடுப்பு உயரத்திலேயே, மெள்ள, இரண்டே தட்டு.

இப்போது எல்லா விழாவிலும் அப்படித்தான் தட்டுகிறோம். தலைக்கு மேலே தூக்கித் தட்டுவது நாகரிகம் இல்லையாம்.